காட்சியும் கருத்தும்: சிலேட்டர் கிராமங்களின் நூறாண்டு

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது, விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு என்னும் ஊரின் பெயர் சில நாட்கள் செய்தித்தாள்களில் அடிபட்டது. வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட மக்கள் நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். பிறகு வழக்கம்போல் அப்பெயர் செய்திகளிலிருந்து மறைந்துபோயிற்று. ஆனால் பொருளியல் ஆய்வாளர்களிடையே அந்த ஊர் நூறாண்டுகளுக்கும் மேலாக அறியப்பட்டது. 1916 முதல் 2008 வரை ஐந்து தலைமுறை ஆய்வாளர்கள் அங்கே சென்று, யாருக்கு எவ்வளவு நிலம், யார் யாரிடம் வேலை செய்கிறார்கள், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று கேட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரே ஊரை இவ்வளவு நீண்ட காலம் திரும்பத் திரும்ப ஆராய்ந்த எடுத்துக்காட்டுகள் உலகிலேயே மிகச் சிலதான். தமிழ் படித்தவர்களாகிய நம்மில் பெரும்பாலோர் அதை அறியாமலேயே இருந்துவிட்டோம்.

இதை ஒரு ஊரின் வரலாறாக மட்டும் நான் பார்க்கவில்லை. பொருளியல் என்னும் அறிவுத்துறைக்குள் நெடுநாளாக நடந்துவரும் ஒரு வழக்கின் வரலாறாகவும் இதைப் படிக்க முடியும். அவ்வழக்கு நமக்குப் புதியதன்று. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவணவடிகள் மெய்யறிவுக்கு வழியாக இரண்டு அளவைகளையே ஏற்கிறார். ஒன்று காட்சி, மற்றொன்று கருத்து. கண்ணால் கண்டறிவது முன்னது. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்தறிவது பின்னது. இவ்விரண்டில் எதற்கு முதலிடம் என்பதுதான் பொருளியலின் பழைய சண்டையும்.

1883இல் வியன்னாவின் கார்ல் மெங்கர், சில அடிப்படைகளிலிருந்து உய்த்தறியும் கோட்பாடே அறிவியல் என்றார். ஜெர்மனியின் குஸ்தாவ் ஷ்மோலர், முதலில் வரலாற்றையும் நடப்பையும் திரட்டுங்கள், கோட்பாடு பிறகு வரட்டும் என்றார். 1947இல் கூப்மன்ஸ் என்னும் அறிஞர், வணிகச் சுழற்சிகளைப் பற்றிய பெரியதொரு புள்ளிவிவர நூலை மதிப்பிட்டு எழுதியபோது, அதைக் கோட்பாடில்லாத அளவை என்று குறைகூறினார். 1970 டிசம்பரில் அமெரிக்கப் பொருளியல் கழகத்தின் தலைமையுரையில் வாசிலி லியான்டியெஃப் அதற்கு நேரெதிரான குறையைச் சொன்னார்: கோட்பாட்டு அனுமானங்கள் மலைபோல் குவிகின்றன, அவற்றைத் தாங்க வேண்டிய உண்மைகளை யாரும் சென்று பார்ப்பதில்லை. அவர் அந்த உரையில் விதிவிலக்காகப் பாராட்டிய துறை ஒன்று உண்டு. அது வேளாண் பொருளியல்.

வயலில் இறங்காமல் வேளாண்மையைப் பற்றிப் பேச முடியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வயலில் இறங்கியவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்குத்தான் இருவேல்பட்டும் அதன் உடன்பிறப்பு ஊர்களும் நமக்கு வேண்டியிருக்கின்றன.

*

ஊரை அளப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் நிலம் முந்திரி, கீழ்முந்திரி என்ற நுண்பின்னங்கள் வரை அளந்து பொறிக்கப்பட்டிருக்கிறது. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. கீழ்முந்திரியோ அந்த முந்திரியிலும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்டு செங்கற்பட்டுப் பகுதியின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார். ஒவ்வோர் ஊரிலும் கணக்கப்பிள்ளையின் ஓலைக்கட்டு இருந்தது.

இவையனைத்தும் வரிக்காக எடுத்த கணக்குகள். அளப்பவருக்கு வேண்டியது விளைச்சலில் தமது பங்கு. அந்தப் பங்கு போன பிறகு உழுதவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது கணக்கில் வராது. வறுமையைக் கணக்கிட வேண்டும் என்ற எண்ணம் வேறோர் இடத்திலிருந்து வந்தது. தாதாபாய் நவரோஜி, 1867–68ஆம் ஆண்டுக்கு இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று கணக்கிட்டார். 1892இல் பூனாவின் டெக்கான் கல்லூரியில் மகாதேவ கோவிந்த ரானடே ஆற்றிய உரை, இங்கிலாந்தின் நிலைமைகளிலிருந்து பிறந்த பொருளியல் விதிகளை எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் உரியவை என்று கொள்ளலாகாது என வாதிட்டது. ஆனால் நவரோஜியின் எண் நாடு முழுமைக்குமான ஒரே சராசரி. ரானடேயின் மறுப்பு, கோட்பாட்டுக்கு எதிரான இன்னொரு கோட்பாடு. ஓர் ஊருக்குள் போய் ஒரு குடும்பத்தின் வரவு செலவைக் கேட்கும் வேலை அப்போதும் மிஞ்சியிருந்தது.

*

கில்பர்ட் சிலேட்டர் 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்காக நடத்தப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். லண்டனின் வுல்விச்சில் நகரத் தந்தையாகவும் இருந்திருக்கிறார். அவருடைய முக்கியமான நூல் 1907இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் ஊர்ப் பொதுநிலங்கள் எவ்வாறு வேலியிட்டு அடைக்கப்பட்டன, அதனால் உழவர்கள் என்னவானார்கள் என்பதைப் பற்றியது. ஆகவே ஓர் ஊர் எப்படிக் குலைகிறது என்பதை ஆவணங்களில் தேடிப் பழகிய ஒருவர்தான் இங்கே வந்து சேர்ந்தார்.

வகுப்பில் தம் முன் அமர்ந்திருந்த மாணவர்களிடம் அவர் ஒரு வினாநிரலைக் கொடுத்தார். விடுமுறைக்குச் சொந்த ஊர் போகிறவர்கள் அந்த ஊரையே ஆராய்ந்து எழுதிவர வேண்டும். ஊர்கள்தாம் நகரங்களுக்கு முந்தியவை, நகரத்துக்குச் சோறும் மூலப்பொருளும் இளைஞர்களும் எங்கிருந்து வருகின்றனவோ அந்த ஊர்களைப் புரிந்துகொள்ளாமல் நகரத்தின் பொருளாதாரமும் புரியாது என்பது அவர் கூறிய காரணம். இந்த அறிக்கைகளைத் தொகுத்து 1918இல் அவர் வெளியிட்ட நூல்தான் ‘சில தென்னிந்திய கிராமங்கள்’. தெலுங்கு, மலையாளப் பகுதிகளின் ஊர்களும் அதில் உண்டு. தமிழ்ப் பகுதியில் ஐந்து ஊர்கள் பின்னாளில் பெயர் பெற்றன: அன்றைய தென்னாற்காட்டின் இருவேல்பட்டு, வடாற்காட்டின் தூசி, தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பூனாவுக்கு அருகே ஹெரால்டு மான் ஒரு தக்காணச் சிற்றூரை ஆராய்ந்து 1917இல் நூலாக்கினார். இந்தியக் கிராம ஆய்வின் தொடக்கம் என்று இவ்விரண்டையும் சேர்த்தே சொல்வது வழக்கம்.

அந்த மாணவர்கள் எதிர்கொண்ட இடர்களை எண்ணிப் பார்த்தால் காட்சி என்பது அவ்வளவு எளிதான அளவை அல்ல என்பது விளங்கும். தஞ்சையில் நிலம் வேலியிலும் மாவிலும் சொல்லப்பட்டது. தொண்டைநாட்டில் காணி, குழி. மரக்கால் ஊருக்கு ஊர் வேறு. கூலியின் பெரும்பகுதி தானியம். படியாள் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். படி என்பது நாள்தோறும் அளந்து கொடுக்கும் தானியம். அதைப் பெற்று ஆண்டு முழுவதும் ஒரே வீட்டுக்கு உழைப்பவன் படியாள். அவனுக்குக் கொடுத்த நெல்லை மட்டும் கணக்கிட்டால் போதுமா? அறுவடைக் காலத்துப் படி தனி, பண்டிகைக்கு வேட்டி, வாங்கிய முன்பணம் தலைமேல் கடனாக நிற்பது தனி. ‘கூலி’ என்ற ஒரு கட்டத்துக்குள் இவ்வளவையும் எழுத முடியாது. அந்தக் கட்டத்தை வரைந்தவன் மனத்தில் வாரக்கூலி வாங்கும் லங்காஷயர் தொழிலாளி இருக்கிறான். வினாநிரலின் கட்டங்களே ஒரு கோட்பாடு என்பதை இங்கே காணலாம். கோட்பாடு வேண்டாம், வெறும் தரவைத் திரட்டுவோம் என்பவரும் ஏதோவொரு கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஊருக்குள் நுழைகிறார்.

இன்னொரு குறையும் உண்டு. 1916இல் சென்னைக்கு மகனை அனுப்பிக் கல்லூரியில் படிக்கவைக்க இயன்ற குடும்பங்கள் எவையாக இருந்திருக்கும்? பெரும்பாலும் நிலமுடையவை, மேல்சாதியைச் சேர்ந்தவை. அந்த மகன் தன் ஊரைப் பற்றி எழுதும்போது தெருக்களில் எத்தனையில் அவன் தடையின்றி நடந்திருப்பான்? சேரியில் அமர்ந்து, உன் கடன் எவ்வளவு என்று கேட்டிருந்தால், கடன் கொடுத்தவரின் வீட்டுப் பிள்ளையிடம் அந்தப் படியாள் என்ன பதில் சொல்லியிருப்பான்? சொந்த ஊர் என்பதால் மாணவனுக்குக் கிடைத்த அறிவும், அதே காரணத்தால் அவனுக்கு மறைக்கப்பட்ட அறிவும் ஒரே அறிக்கையில் கலந்துகிடக்கின்றன.

சிலேட்டர் 1921 வரை இங்கே இருந்தார். தமிழ்த்துறையினர் சிலருக்கு அவர் பெயர் வேறு வழியில் தெரிந்திருக்கலாம்; இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறுகளைப் பற்றி 1924இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். சிந்துவெளி அகழாய்வு உலகுக்கு அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்நூலில் துணிச்சலான ஊகங்கள் ஏராளம். பேராசிரியரின் ஊகங்களைவிட மாணவர்களின் விடுமுறைக் குறிப்புகளே பொருளியலில் நெடுங்காலம் பயன்பட்டன.

*

அக்குறிப்புகள் நிலைத்ததற்குக் காரணம் அவற்றின் துல்லியம் அல்ல. இருபதாண்டு கழித்து ஒருவர் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு மீண்டும் அதே ஊர்களுக்குப் போனார் என்பதுதான்.

சிலேட்டர் வகித்த பதவிக்குப் பின்னாளில் வந்தவர் கேரளத்தைச் சேர்ந்த பி.ஜே. தாமஸ். அவரும் கே.சி. இராமகிருஷ்ணனும் 1936–37இல் அவ்வூர்களுள் பலவற்றை மறு ஆய்வு செய்வித்து, 1940இல் நூலாக வெளியிட்டார்கள். இடையில் உலகப் பெருமந்தம் வந்திருந்தது. 1929க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. வரியும் வட்டியும் பணத்தில் முன்போலவே நின்றன. பர்மா, இலங்கை, மலேயா சென்றவர்கள் அனுப்பிய பணம் சுருங்கியது. நூல்களில் விலைச் சரிவு ஒரு வளைகோடு. அது யாருடைய நிலத்தை யார் கையில் சேர்த்தது என்பதை அறிய, சரிவுக்கு முன் எடுத்த கணக்கு ஒன்று வேண்டும். 1916இன் குறைபட்ட குறிப்புகள் அங்கே விலைமதிப்பற்றவையாயின.

அதே காலத்தில் தஞ்சையில் பிறந்த ஒரு தமிழர் குஜராத்தில் செய்த ஆய்வையும் இங்கே நினைக்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பயின்று வந்த ஜே.சி. குமரப்பா, குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கொண்டு கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தின் ஊர்களை ஆராய்ந்தார். நூல் 1931இல் வெளிவந்தது. நிலவரியின் சுமையை உழவன் தாங்குவானா என்பது அவருடைய கேள்வி. வரி வாங்குவோருக்காக நூற்றாண்டுகளாக எடுக்கப்பட்டு வந்த கணக்கை, வரி கொடுப்பவன் பக்கத்திலிருந்து அவர் எடுத்தார். யாருக்காகக் கேட்கிறோம் என்பது மாறியபோது கேள்விகளும் மாறின.

*

விடுதலைக்குப் பிறகு இந்தச் சிற்றூர்க் கணக்குகள் உலகப் பொருளியலின் நடுவிடத்துக்கு வந்தன. 1954இல் ஆர்தர் லூயிஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஏழை நாடுகளின் வேளாண்மையில் தேவைக்கு மிஞ்சிய உழைப்பு தேங்கிக் கிடக்கிறது என்றது. பத்துப் பேர் செய்யும் வேலையில் இருவர் விலகினாலும் விளைச்சல் குறையாது. அந்த இருவரைக் கொண்டு தொழிற்சாலைகளை வளர்க்கலாம். ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் இதற்குப் பெரும் ஈர்ப்பு இருந்தது.

சிகாகோவின் தியோடர் ஷுல்ட்ஸ் இதை ஏற்கவில்லை. 1964இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு சோதனையை முன்வைத்தார். சிலேட்டரின் நூல் அச்சேறிய அதே 1918இல் இந்தியாவில் விஷக் காய்ச்சல் பரவி ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வேளாண் உழைப்பாளர் தொகை ஏறத்தாழ எட்டு விழுக்காடு குறைந்தது என்று ஷுல்ட்ஸ் கணக்கிட்டார். மிகை உழைப்பு இருந்தது உண்மையானால், சாகுபடிப் பரப்பு குறைந்திருக்கக் கூடாது. ஆனால் 1916–17ஐ ஒப்பிட 1919–20இல் அது 3.8 விழுக்காடு குறைந்திருந்தது. ஆகவே உபரி உழைப்பு என்பது கட்டுக்கதை என்பது அவர் முடிவு.

கருத்தளவையின் நல்ல எடுத்துக்காட்டு இது. புகையைக் கண்டு நெருப்பை உணர்வது போல, பரப்புக் குறைவைக் கண்டு உழைப்பின் இன்றியமையாமையை உணர்கிறார். 1967இல் அமர்த்திய சென் இதற்கு மறுப்பு எழுதினார். அவருடைய மறுப்பின் ஒரு பகுதி புள்ளிவிவரம் பற்றியது. மற்றொரு பகுதி இன்னும் ஆழமானது. மிகை உழைப்புக் கோட்பாடு ஒரு குடும்பத்தைப் பற்றியது. அண்ணன் தம்பி நால்வர் உழும் நிலத்தில் ஒருவர் பட்டணத்துக்குப் போனால், எஞ்சிய மூவர் சற்றுக் கூடுதலாக உழைத்து அந்த இடத்தை நிரப்புவார்கள். கொள்ளைநோய் அப்படி வீட்டுக்கு ஒருவரென்று கேட்டு எடுத்துச் செல்வதில்லை. ஒரு வீட்டில் நால்வரும் மாள்வார்கள்; அடுத்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. மாண்டவர் நிலம் தரிசாகக் கிடக்கும். பக்கத்து வீட்டின் மிகை உழைப்பு அப்படியே மிகையாக இருக்கும். இரண்டையும் ஒரு மாகாணத்தின் சராசரியில் கூட்டிக் கழித்தால் கிடைக்கும் எண், எதையும் மெய்ப்பிக்காது.

சராசரிக்கும் வீட்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சென் ஏற்கெனவே வேறொரு தரவில் கண்டிருந்தார். 1954 முதல் 1957 வரை இந்திய அரசு சில மாநிலங்களில் பண்ணை மேலாண்மை ஆய்வுகளை நடத்தியது. சென்னை மாநிலத்தில் தெரிந்தெடுக்கப்பட்டவை சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்கள். இவ்வாய்வுகளின் எண்களிலிருந்து 1962இல் சென் மூன்று செய்திகளை எடுத்துக்காட்டினார். குடும்பத்தார் உழைப்புக்குச் சந்தைக் கூலியைக் கற்பித்துக் கணக்கிட்டால் இந்திய வேளாண்மையின் பெரும்பகுதி நட்டத்தில் நடக்கிறது. பண்ணை பெரிதாகப் பெரிதாக, இக்கணக்கின்படியான இலாபம் கூடுகிறது. ஆனால் ஏக்கருக்கான விளைச்சலோ பண்ணை பெரிதாகப் பெரிதாகக் குறைகிறது.

இது முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றும். ஓர் ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்தை நினைத்துக்கொண்டால் தெளியும். களையெடுக்க ஆள் வைத்தால் கூலிக்குக் கட்டுப்படியாகாது என்றால், பெரிய பண்ணைக்காரர் அந்தக் களையை விட்டுவிடுவார். சிறு உழவர் வீட்டிலோ மனைவியும் மகளும் மாலை வரை குனிந்து அந்தக் களையையும் எடுப்பார்கள். வெளியே அவர்களுக்கு வேலை இல்லை. எடுத்த களைக்குக் கிடைப்பது கால்படி நெல்லே ஆனாலும் அது வீட்டுக்கு வரும் நெல். ஆகவே சின்ன வயலில் ஏக்கருக்கு விளைச்சல் கூடுதல். ஆனால் அந்தப் பெண்களின் நாட்களுக்குக் கூலி போட்டுப் பார்த்தால் அந்த வீடு நட்டத்தில் ஓடும் நிறுவனம். நம் ஊர்களில் விவசாயத்தில் கணக்குப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அதை நாம் சலிப்பாகவோ நகைச்சுவையாகவோ எடுத்துக்கொண்டோம். அதனுள் உழைப்பின் மதிப்பு பற்றிய ஒரு பொருளியல் வினா இருந்தது.

இந்த முடிவும் கேள்விக்கு உள்ளானது. சில ஆண்டுகளில் அசோக் ருத்ரா, ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் அந்தத் தலைகீழ் உறவு எங்கும் சீராகத் தென்படவில்லை என்று வாதிட்டார். அது நிலவளத்தின் வேறுபாடா, குடும்ப உழைப்பின் விளைவா என்ற விவாதம் பல பத்தாண்டுகள் நீண்டது. விவாதத்தின் நடைமுறைப் பயன் வெளிப்படையானது. சிறு பண்ணையே ஏக்கருக்கு அதிகம் விளைவிக்கிறது என்றால், நில உச்சவரம்பு நீதிக்கு மட்டுமல்லாமல் விளைச்சலுக்கும் நல்லது. சென்னை மாநிலத்தின் உச்சவரம்புச் சட்டம் 1961இல் வந்தது. சேலத்திலும் கோவையிலும் யாரோ ஓர் உழவர் ஒரு கணக்காளரிடம் சொன்ன பதில்கள், தில்லியிலும் கேம்பிரிட்ஜிலும் சட்டத்துக்கும் கோட்பாட்டுக்கும் வாதங்களாக மாறின.

ஒரு செய்தியை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். லூயிஸுக்கும் ஷுல்ட்ஸுக்கும் 1979இல் பொருளியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. உபரி உழைப்பு உண்டு என்றவரும் இல்லை என்றவரும் ஒரே மேடையில்.

*

சிலேட்டர் ஊர்களுக்கு மூன்றாம் முறை 1961இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். நான்காம் சுற்று 1980களின் முற்பகுதியில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாக நடந்தது. தமிழக அரசின் நிதித்துறைச் செயலராக இருந்து ஆய்வுக்கு வந்த எஸ். குகன், மானுடவியலாளர் ஜோன் மென்ச்சருடன் இருவேல்பட்டையும், தனியே பாலக்குறிச்சியையும் ஆராய்ந்தார். வெங்கடேஷ் ஆத்ரேயா வடமலைபுரம், கங்கைகொண்டான் ஊர்களை ஆராய்ந்தார்.

1961க்கும் 1983க்கும் இடையில் கீழத்தஞ்சையில் நடந்ததை இங்கே கூறியாக வேண்டும். 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி உயர்வுக்கான போராட்டங்கள் தொடர்ந்தன. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பாலக்குறிச்சி இன்று அதே நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1969இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. இலக்கிய வாசகர்கள் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புன’லை நினைப்பார்கள்.

அரைப்படி நெல் கூலியில் கூடுவதா கூடாதா என்பது கோட்பாட்டு நூல்களில் தேவையும் வழங்கலும் சந்திக்கும் ஒரு புள்ளி. கீழத்தஞ்சையில் அந்தப் புள்ளி எங்கே அமையும் என்பதைச் சாதியும் சங்கமும் காவல்துறையும் தீயும் சேர்ந்து முடிவு செய்தன. 1916இன் வினாநிரல் கூலியைக் கேட்டது. கூலி கேட்பவனுக்கு என்ன நேரும் என்று கேட்கவில்லை. இருபது ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வரும் ஆய்வு, இரண்டு வருகைகளுக்கு இடையில் நிகழும் மாற்றத்தை எண்ணில் காட்டும். அம்மாற்றத்துக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைச் சொல்ல அதற்கு வேறு துணைகள் வேண்டும். நாவல் அத்தகைய துணைகளுள் ஒன்று.

2004இல் வி. சுர்ஜித் பாலக்குறிச்சிக்குச் சென்று நெல் வேளாண்மையின் வருமானத்தை ஆராய்ந்தார். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் இருவேல்பட்டை மறு ஆய்வு செய்தார்கள். அவர்கள் கட்டுரை 2010இல் வெளிவந்தது. ஊர் இன்னும் உழுகிறது. ஆனால் ஊராரின் பிழைப்பு பெரிதும் வேளாண்மைக்கு வெளியே, ஊருக்கும் வெளியே போய்விட்டது. ஒருகாலத்தில் ஊரைத் தன் கைக்குள் வைத்திருந்த நிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்துவிட்டது. வறுமை குறைந்திருக்கிறது.

இதை எந்தக் கோட்பாடு முன்கூட்டிச் சொன்னது? லூயிஸின்படி உழைப்பு வயலை விட்டுத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். வயலை விட்டது உண்மை. போய்ச் சேர்ந்த இடம் பெரும்பாலும் நிலையான ஆலை வேலை அல்ல. கட்டட வேலை, சில்லறை வேலை, இன்றிருந்து நாளை இல்லாத வேலை. 1899இல் ருஷ்யாவைப் பற்றி லெனின் எழுதியதன்படி உழவர்கள் முதலாளிப் பண்ணையாளர் என்றும் நிலமற்ற கூலிகள் என்றும் இரண்டாகப் பிளவுபட வேண்டும். இங்கே பெருநிலக்கிழார் தேய்ந்தார். அவரிடத்தில் புதிய முதலாளிப் பண்ணையாளர் வகுப்பு ஒன்று முழுமையாக எழவில்லை. உழவர் குடும்பங்கள் தம்மைத் தாமே வருத்திக்கொண்டு நிலைப்பார்கள் என்ற சயானவின் பார்வைக்கும் ஓரளவே இடமிருக்கிறது. கங்கைகொண்டானின் கதை இன்னும் வேறு. திருநெல்வேலிக்கு அருகில், சிப்காட் வளாகத்துடன் நிற்கும் அவ்வூரை ஊர் என்பதா நகரம் என்பதா என்று ஆய்வாளர்களே தடுமாறுகிறார்கள்.

கோட்பாடுகள் தோற்றுவிட்டன என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உபரி உழைப்பு என்ற சொல் இல்லாமல் இருந்திருந்தால் களையெடுக்கும் பெண்ணின் நாட்களை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நிலவுடைமை வகுப்புகளைப் பற்றிய கோட்பாடு இல்லாமல் இருந்திருந்தால், ஒரு குடும்பத்தின் பிடி தளர்ந்தது செய்தியாகவே தோன்றியிருக்காது. கருத்து காட்டிய திசையில்தான் கண் திரும்புகிறது. ஆனால் கண்டபின் கருத்து பழையபடி இருக்க முடியாது. அறவணவடிகள் இரண்டையும் ஏற்றதற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது.

*

இந்த நூற்றாண்டில் பொருளியலில் மீண்டும் காட்சியின் கை ஓங்கியிருக்கிறது. சில ஊர்களில் ஒரு திட்டத்தைக் கொடுத்து, சிலவற்றில் கொடுக்காமல் விட்டு, வேறுபாட்டை அளக்கும் களச் சோதனைகளுக்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் க்ரெமர் மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவற்றின் பயனை மறுக்க முடியாது. ஆனால் அத்தகைய சோதனை பெரும்பாலும் சில ஆண்டுகளில் முடிகிறது. ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை தருகிறது. படியாளின் பேரன் யாரிடமும் கைகட்டி நிற்காமல் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்யும் நிலைக்கு எப்படி வந்தான் என்பதை எந்தச் சோதனையாலும் அளக்க முடியாது. அதற்கு நூறாண்டுக் குறிப்புகள் வேண்டும். அந்த மாற்றத்தில் சந்தைக்கு எவ்வளவு பங்கு, நியாயவிலைக் கடைக்கும் பள்ளிக்கும் எவ்வளவு, சங்கங்களுக்கும் தேர்தலுக்கும் எவ்வளவு என்பது இன்னும் தீராத விவாதம். விவாதிக்கவாவது நம்மிடம் ஏதோ இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் விடுமுறைக்கு ஊருக்குப் போன சில மாணவர்கள்.

தமிழ்த்துறைகள் தம் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பாமல் இல்லை. நா. வானமாமலை காட்டிய வழியில் நாட்டார் பாடல்களும் கதைகளும் ஊர்ப்பெயர்களும் கட்டுக்கட்டாகத் திரட்டப்பட்டன. தாலாட்டையும் ஒப்பாரியையும் பாடிய அந்தப் பெண்ணிடம், உனக்கு நிலம் உண்டா, நடவுக்கு என்ன கூலி, யாரிடம் கடன் என்று நாம் பெரும்பாலும் கேட்கவில்லை. பொருளியல் துறையினர் கூலியைக் கேட்டார்கள், பாட்டைக் கேட்கவில்லை. 1916ஐவிட இன்று நிலைமை ஒன்றில் மேலானது. இன்று கல்லூரிக்கு வரும் மாணவர்களில் பலர் சேரியிலிருந்தும் வருகிறார்கள். பெண்கள் ஏறத்தாழப் பாதி. சிலேட்டரின் வினாநிரலை இவர்கள் கையில் கொடுத்தால், முதலில் அதன் கேள்விகளைத்தான் திருத்துவார்கள். எழுதப்படாத ஊர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இப்போது எழுதிவைப்பது 2050இல் அங்கே திரும்பிப் போகிறவருக்குப் பயன்படும்.